என் சரணத்தை அறுத்த வைரக்கண்ணு

வைரக்கண்ணுவைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் ஒரத்தநாட்டில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "பாய், கொஞ்சம் நல்லதாவும் எழுதுங்க" என்பார்கள். நல்லதாகவே எழுதலாம். நல்லதாக எழுத அவனிடம் நிறைய இருக்கிறது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

என் பெயர் ஹபீப் முகம்மது. கடைத்தெருவில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஆனால் ஜவுளிக்கடைக்காரன் என்று சொன்னால் இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. கட்சிப் பாட்டு பாய் என்றால் பஸ் கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு வணக்கம் சொல்லுவார். பொதுக்கூட்டம் ஆறு மணிக்கு என்று போஸ்டர் ஒட்டுவார்கள். தலைவர் எட்டு மணிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதுவரை கூட்டம் கலைந்துபோகாமல் பாடிப் பாடி உட்காரவைப்பதுதான் என் வேலை. இளமையில் பிடித்த மைக்கை இன்னும் விடவில்லை.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தலைவரின் கார் விளக்கு ரோட்டில் தெரிந்ததும் பாட்டு நிற்க வேண்டும். எந்த வரியில் இருந்தாலும் சரி, பாதிச் சொல்லில் இருந்தாலும் சரி, அங்கேயே அறுத்துவிட வேண்டும். அறுத்த கையோடு பக்கத்தில் நிற்கிறவன் மைக்கைப் பிடித்து "வர்றாரு" என்று முழங்குவான். வெடி வெடிக்கும், கூட்டம் எழுந்து நிற்கும். தலைவர் மேடையேறிய பிறகும் பாடிக்கொண்டிருந்தால், அவரைவிடப் பெரிய ஆள் என்று நினைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப் பாடினவன் அடுத்த கூட்டத்தில் தரையில் உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்க வேண்டும்.

நானே எழுதி நானே மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று இருக்கிறது. "தண்ணி வரும் முன்னே தலைவா நீ வந்தாயே, தரிசு கிடந்த மண்ணில் தைரியம் விதைத்தாயே" என்று ஆரம்பிக்கும். தலைவர் கிட்டத்தில் வந்துவிட்டார் என்று போன் வந்தால் அதைத்தான் எடுப்பேன். மூன்று சரணம். முதல் சரணத்தில் கூட்டம் பேச்சை நிறுத்தும். இரண்டாம் சரணத்தில் பெண்கள் பக்கம் அசையாமல் இருக்கும். மூன்றாம் சரணத்தில்தான் பாட்டின் உயிரையே வைத்திருக்கிறேன். அந்த மூன்றாம் சரணத்தை எந்த மேடையிலும் நான் முடித்ததில்லை. முடிக்க விட்டால்தானே? பாதியில் என் தோளை ஒரு கை தொடும். மைக் என் கையை விட்டுப் போய்விடும். அந்தக் கை வைரக்கண்ணுவின் கை.

வீட்டில் பாடி முடிக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வீட்டில் நான் வாயைத் திறந்தால் என் மனைவி கமருன்னிஸா மிக்ஸியைப் போடுவாள். அதோடு, ஆயிரம் பேர் முன்னால் முடிக்காத பாட்டை அடுப்படிக்கு முன்னால் முடித்து என்ன ஆகப்போகிறது?

வைரக்கண்ணு எனக்கு வந்து வாய்த்த கதையைச் சொல்கிறேன். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே வாய்க்கால் ஓரத்துத் தெருவில் பிறந்தவன். அம்மா தங்கம்மாள் நடவுக்குப் போவாள். அப்பா வாய்க்கால் தண்ணீரை வயல் வயலாக முறை வைத்துத் திறந்துவிடுகிறவர். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது வாய்க்கால் தலைப்பில் நின்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்டுத்தான் கீழே இருக்கிறவர்கள் மண்வெட்டியோடு மடைக்கு ஓடுவார்கள். அப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போன வருடத்திலிருந்து வைரக்கண்ணு குரல் கொடுக்க ஆரம்பித்தான். "வருது... வருது... வந்துருச்சு!" முதல் 'வருது' கீழே, இரண்டாவது அதற்கு மேலே, மூன்றாவது வானத்தில். இதற்குப் பெயர் சங்கீதமா? கூப்பாடு. நான் ஆரம்பத்திலிருந்து இதைத்தான் சொல்லிவருகிறேன்.

அவன் ஊரில் ஒரு கூட்டம். நான் பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மைக் இல்லாமல் பாடினேன், முன்வரிசையைத் தாண்டவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைவர் கார் வந்துவிட்டது. மேடையில் ஒரே தடுமாற்றம். அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "வர்றாரு... வர்றாரு... வந்துட்டாரு!" வெடியை யாரும் பற்றவைக்கவே இல்லை, ஆனால் கூட்டம் வெடித்தது. தலைவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "யார் அந்தப் பையன், அவனை மேடையில் ஏற்று" என்றார். அன்றைக்கு ஏறியவன்தான். என் பாட்டைப் பற்றித் தலைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பிறகு அவனுக்கு இரண்டு வேலை. பல்லவிக்குப் பின்பாட்டுப் பாடுவது, ரோட்டைப் பார்ப்பது. பின்பாட்டில் சுருதி அவனுக்குத் தூரத்துச் சொந்தம், எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஆனால் ரோட்டைப் பார்ப்பதில் அவனை அடிக்க ஆள் இல்லை. எத்தனை கார் வந்தாலும் தலைவர் கார் விளக்கு எது என்று கண்டுபிடித்துவிடுவான். இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லும்போது மேடையில் பாட்டை நிறுத்துவோம். அந்தப் பாங்கும் எனக்கு முன்னால் அவன் காதில்தான் விழும். என் தோளைத் தொட்டு, "அண்ணே, பாங்கு" என்பான். தொழுகிறவன் நான், எனக்குப் பாங்கு எடுத்துச் சொல்லுகிறவன் அவன். கூட்டத்தில் பெரியவர்கள், "பாரு, என்ன மரியாதை தெரிஞ்ச ஆளு" என்று அவனைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

நான் கூட்டத்துக்கு முதல்நாளே தயிர், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். பனங்கற்கண்டும் மிளகும் சட்டைப் பையிலேயே இருக்கும். மழைக்காலமென்றால் கழுத்தில் மப்ளர். அவன் மேடைக்குப் பின்னால் நின்று குச்சி ஐஸ் தின்றுவிட்டு, குச்சியைக் காதில் சொருகிக்கொண்டு ஏறுவான். அவன் தொண்டைக்கு ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. அல்லா யாருக்கு எதைக் கொடுக்கிறான் என்று நான் பல தடவை யோசித்துவிட்டு, தப்பாக யோசிக்கிறேனோ என்று பயந்து நிறுத்தியிருக்கிறேன்.

வாழ்க்கையிலும் அப்படித்தான். கால்நடைக் கல்லூரிப் பண்ணையில் மாடு கழுவுகிற தினக்கூலியாகச் சேர்ந்தான். அதே கல்லூரியில் அவன் மகள் சுடர்விழி படித்து மாட்டு டாக்டராக வெளியே வந்தாள். ஒரு மா நிலம் வாங்கினான், பிறகு இன்னொரு மா. என் மகன் ஜாஹித் பன்னிரண்டாம் வகுப்போடு துபாய்க்குப் போய்ப் பெட்டி அடுக்குகிறான். பிள்ளைகளை ஒப்பிடக் கூடாது என்று கமருன்னிஸா சொல்லுவாள். அவளும் ஒப்பிடுவாள், எனக்குக் கேட்காமல் ஒப்பிடுவாள்.

இதெல்லாம் பழைய எரிச்சல். சாம்பல் மூடிக் கிடந்தது. ஊதிவிட்டது அந்தப் படம்.

அனுராதா என்று ஒரு பெண், சினிமாவுக்கு இசையமைக்கிறவள், சென்னையிலிருந்து வந்தாள். சின்ன வயது. டெல்டாவில் கூலிக்காரர்களுக்காகப் போராடி மேலே வந்த ஒரு தலைவர், பிறகு அதே கூலிக்காரர்களை மறந்துபோவதுதான் படத்தின் கதையாம். பின்னணிக்கு அசல் மேடைக் குரல் வேண்டுமென்று ஊர் ஊராகக் கூட்டம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் கூட்டத்தையும் கேட்டாள். மறுநாள் கடைக்கு வந்தாள்.

"சார், அந்தத் தண்ணிப் பாட்டு யார் எழுதினது?"

"நான்தாம்மா."

"அதை அப்படியே படத்துல வச்சுக்கட்டுமா? நீங்களே பாடணும்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "முழுப் பாட்டும் பாடலாமா?" அவள் சிரித்தாள். "ஸ்டுடியோவுல யார் சார் உங்களை நிறுத்தப்போறாங்க?" என்றாள். அப்போதே வாயை மூடிக்கொண்டு தனியாகப் போயிருக்கலாம். பின்பாட்டுக்கு ஆள் வேண்டுமே என்று அவளே சொல்லி, வைரக்கண்ணுவையும் கூப்பிட்டுவிட்டாள்.

ஸ்டுடியோ கண்ணாடி அறை, குளிர்ந்து கிடந்தது. நான் மைக்குக்கு முன்னால், அவன் எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி. காதில் மாட்டிய ஹெட்போனில் என் மூச்சே எனக்குக் கேட்டது. ரோடு இல்லை, கார் இல்லை, தலைவர் இல்லை. முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுராதா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் சரணத்தை எடுத்தேன். என் குரல் அன்றைக்கு இருந்ததுபோல் என்றைக்குமே இருந்ததில்லை. இன்றைக்கு முடித்துவிடுவேன் என்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் படத்தின் தயாரிப்பாளர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் நாலு பேர். கண்ணாடிக்கு அப்பால் கதவு திறந்ததுதான் தாமதம். என் தோளை ஒரு கை தொட்டது. "வர்றாரு... வர்றாரு... வந்துட்டாரு!" என்று என் காதுக்குப் பக்கத்தில் வாய்க்கால் தலைப்பில் நிற்பதுபோல் முழங்கினான்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். "அறிவிருக்காடா ஒனக்கு? இங்க என்ன தலைவரா வர்றாரு?" என்று கத்தினேன்.

"வெள்ளை வேட்டியப் பாத்ததும் வாய் தானா வந்துருச்சுண்ணே" என்றான். பாவம்போல நின்றான். அந்தப் பாவம்போல நிற்பதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அனுராதா அறைக்குள் ஓடி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது, எங்களிடம் காட்டினாள். "இதுதான் சார். இதுதான் எனக்கு வேணும். இன்னொரு டேக் வேண்டாம்" என்றாள். நான் கெஞ்சினேன். ஒரு தடவை முழுசாகப் பாடிவிடுகிறேன், வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றேன். ஸ்டுடியோ நேரம் முடிந்துவிட்டது, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள்.

படம் வந்தது. தஞ்சாவூரில் முதல் நாள் முதல் காட்சிக்கு நானும் கமருன்னிஸாவும் போனோம். வைரக்கண்ணுவைக் கூப்பிடவில்லை. அவன் பண்ணையில் ஏதோ மாடு கன்று போடுகிறது என்று வரவுமில்லை. படத்தில் அந்தத் தலைவர் முதன்முதலாக ஊருக்கு வருகிறார். என் மூன்றாம் சரணத்தில் ஒரு அரை வரி, எங்கோ தூரத்து ஸ்பீக்கரில் கேட்பதுபோல. உடனே அவன் குரல். தியேட்டர் அதிர்ந்தது. அதன்பிறகு தலைவர் எங்கே வந்தாலும் அவன் குரல்தான். ஜெயித்து வரும்போது அதன் கீழே நூறு வயலின். கூலிக்காரர்களை ஏமாற்றிவிட்டு வரும்போது அதே குரல், கீழே ஒரு மேளம் மட்டும். கடைசியில் தலைவரின் உடலை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு வாத்தியம் கிடையாது. அவன் குரல் மட்டும் மெதுவாக, "வர்றாரு... வர்றாரு..." மூன்றாவது வரவே இல்லை. அங்கே வெட்டிவிட்டாள். பக்கத்து சீட்டில் கமருன்னிஸா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் பாட்டுக்கு மிக்ஸி போடுகிறவள்.

படம் முடிந்ததும் 'குரல்: வைரக்கண்ணு' என்று தனியாகத் திரை நிறைய வந்தது. என் பெயர் எங்கே என்று பார்க்க உட்கார்ந்திருந்தேன். கார் ஓட்டியவர், சாப்பாடு போட்டவர் எல்லாம் கடகடவென்று ஏறிப் போன கூட்டத்தில் என் பெயரும் ஏறிப் போனது. கமருன்னிஸாகூட எழுந்து வெளியே போய்விட்டாள். அதைப் பார்க்க நானும், கூட்டுகிற அம்மாவும்தான் இருந்தோம்.

நான்கைந்து நாளில் ரகளை ஆரம்பித்தது. படத்தில் காட்டியிருப்பது கட்சியை ஆரம்பித்து மறைந்த எங்கள் பழைய தலைவரைத்தான், அவரைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று கட்சிக்காரர்கள் கிளம்பினார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் கும்பகோணம் வரை போய்ப் பேனரைக் கிழித்தார்கள். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். காட்சிகள் நின்றன. கோர்ட்டில் கேஸ். படம் நின்றதே தவிர அவன் குரல் நிற்கவில்லை. செல்போன் செல்போனாகப் பரவியது. என் கடைக்கு எதிர்த்த டீக்கடைக்காரருக்குப் போன் வந்தால் வைரக்கண்ணு கூவுவான். ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை மண்டபத்தில் நுழையும்போது ஸ்பீக்கரில் வைரக்கண்ணு. பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒன்றியச் செயலாளர் நெடுஞ்செழியன் கடைக்கு வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாய், படத்துல வர்ற குரல் நம்ம வைரக்கண்ணுதானே? மறைக்காம சொல்லுங்க."

"குரலைக் கேட்டாலே தெரியலையா?"

"கட்சி சோத்தைத் தின்னுட்டுக் கட்சிக்கே துரோகம் பண்ணிட்டான். இனிமே அவன் மேடை ஏறக் கூடாது. அடுத்த கூட்டத்துக்குக் கட்சி மேலிடத்துலேர்ந்து பெரியவரே வர்றாரு. நீங்க தனியா வந்து பாடிக் குடுங்க."

கேளுங்கள், இந்த இடத்தில் எனக்கு மகிழ்ச்சிதானே வர வேண்டும்? வரவில்லை. அந்தப் படத்தில் என் குரலும் இருக்கிறது. பாட்டே என் பாட்டு. இவர்கள் வருடக்கணக்கில் கேட்ட குரல். தடை போடுவதற்குக்கூட என்னை இவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை! அவனுக்குப் போட்ட தடையின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

"அதுக்கு முன்னாடி ஒரு அரை வரி வருதே, அது நான்தான்" என்றேன்.

நெடுஞ்செழியன் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டாளியக் காப்பாத்தறதுக்காக ஒங்க தலையக் குடுக்காதீங்க பாய். பெரிய மனசு ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கமருன்னிஸாவிடம் சொன்னேன். "அவனை ஏறவேணாம்னுட்டாங்க. தனியாப் பாடப்போறேன்."

"ஒங்களுக்கு வேண்டியது அதுதானே" என்று ரசத்தை ஊற்றினாள்.

ஆமாம், அதுதான். தோளைத் தொட ஆள் இல்லை. மூன்றாம் சரணம் முழுசாக என்னுடையது. அதை வெளியில் ஒத்துக்கொள்வதில் எனக்கு என்ன வெட்கம்?

கூட்டத்தன்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நல்ல ஜனம். சம்பா அறுவடை முடிந்து கையில் வேலை இல்லாத நேரம், ஆண்களும் பெண்களுமாக வந்திருந்தார்கள். இரண்டு மூன்று பாட்டுப் பாடினேன். பெரியவர் கிட்டத்தில் வந்துவிட்டார் என்று போன் வந்தது. தண்ணிப் பாட்டை எடுத்தேன். முதல் சரணத்தில் கூட்டம் அடங்கியது. இரண்டாம் சரணத்தில் முன்வரிசைப் பாட்டி ஒருத்தி வெற்றிலை மடிப்பதை நிறுத்தினாள். மூன்றாம் சரணத்துக்குள் நுழைந்தேன்.

கார் விளக்கு தெரிந்தது. எனக்கே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பாதிச் சரணம் தாண்டினேன். இதுவரை எந்த மேடையிலும் என் வாயிலிருந்து வராத வரி வந்தது. அடுத்ததும் வந்தது. கண்ணைத் திறந்தேன். பெரியவர் மேடையில் ஏறி நின்றுகொண்டிருந்தார். கும்பிட்ட கை அப்படியே நின்றது, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல். எழுவதா உட்காருவதா என்று கூட்டத்துக்கும் தெரியவில்லை. நெடுஞ்செழியனின் முகம் கறுத்துப்போயிருந்தது. மைக்செட்காரனைப் பார்த்துக் கையை வெட்டிக் காட்டினார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. இன்னும் நாலே வரி. மைக்செட்காரன் கை சுவிட்சுப் பக்கம் போனது.

"வர்றாரு..."

கூட்டத்தின் கடைசியில், பஜ்ஜிக் கடைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. மைக் இல்லை, ஒன்றும் இல்லை.

"வர்றாரு..."

இரண்டாவதை அவன் தனியாகச் சொல்லவில்லை. பேனரைக் கிழித்த பையன்கள் உட்பட மொத்தக் கூட்டமும் அவன் மெட்டிலேயே சேர்ந்து சொன்னது. மூன்றாவதில் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "வந்துட்டாரு!" வெடி வெடித்தது. என் வாய் தானாக மூடிக்கொண்டது. பழக்கம். அந்தக் குரல் வந்தால் நான் நிற்பேன். என் தோளை யாரும் தொடக்கூட இல்லை.

பெரியவருக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. படத்தைப் பார்க்காமலே கண்டித்து அறிக்கை விட்டவர் அவர். "யாருய்யா அது? அருமையான குரல்! மேல கூட்டிட்டு வாங்க" என்றார். நெடுஞ்செழியன் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். பெரியவர் சொல்லிவிட்டார், என்ன செய்வது? வைரக்கண்ணுவை மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாட்டுக்காரருக்கு என்று தட்டில் ஒரு பொன்னாடை மடித்து வைத்திருந்தது. அதை எடுத்துப் பெரியவர் அவனுக்குப் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், மேடையில் நின்றால் தட்டித்தானே ஆக வேண்டும்?

கூட்டம் முடிகிறவரை இருக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பெரியவர் பேச்சு அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பொன்னாடையைத் துண்டு மாதிரி சுருட்டித் தோளில் போட்டிருந்தான்.

"ஒன்னை யாருடா வரச் சொன்னா?" என்றேன். "மேடையிலதான் அறுத்த. ஸ்டுடியோவுல அறுத்த. இன்னிக்கு ஒன்னை ஏறவே விடல, கீழ நின்னும் அறுக்கற. நான் ஒனக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

"நான் அறுக்க வரலண்ணே. சத்தியமா பாட்டுக் கேக்கத்தான் வந்தேன்."

"பாட்டா?"

"இத்தினி வருசத்துல நான் ஒங்க பாட்டைக் கேட்டதே இல்லண்ணே. காது ஒங்க பக்கம் போனா கண்ணு ரோட்டை விட்டுரும். அதனால காதைச் சாத்தி வச்சிருப்பேன். இன்னிக்குத்தான் எனக்கு வேலை இல்லையே, ஒக்காந்து கடேசி வரைக்கும் கேட்டுடுவோம்னு வந்தேன். மூணாவது சரணம் வந்ததும் எனக்கு என்னமோ ஆயிருச்சுண்ணே. பஜ்ஜிகூடக் கையிலயே ஆறிப்போச்சு."

"அப்பறம் ஏன்டா கத்துன?"

அவன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "மைக்செட்காரன் கை சுவிச்சுக்குப் போச்சு. நேத்து வந்த பய. ஒங்க பாட்டை நிறுத்த அவன் யாருண்ணே? நிறுத்தறதுன்னா அதை நாந்தான் நிறுத்தணும்."

கோபப்பட்டுப் பார்த்தேன், அது சரியாக வரவில்லை. அவன் பொன்னாடையை எடுத்து என் மடியில் வைத்தான். "இது ஒங்களோடது" என்றான். "போர்த்தினது ஒனக்கு. வச்சுக்க" என்று தள்ளிவிட்டேன். அவன் அதை மறுபடி சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். பட்டு அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணே" என்றான் கொஞ்சம் கழித்து. "அந்தக் கடேசி நாலு வரி என்னண்ணே?"

"என்னத்துக்கு?"

"முடிஞ்சாத்தானே தூக்கம் வரும். அந்தப் பாதியிலயே நிக்கிது மனசுல." சொல்லிவிட்டு, இரண்டாம் சரணத்திலிருந்து மெதுவாக ஆரம்பித்தான். சுருதி எங்கேயோ இருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். மூன்றாம் சரணத்தில் பாதியைத் தாண்டினான், நான் அன்றைக்கு மேடையில் முதல்தடவையாகப் பாடின வரிகளையும் ஒரே தடவை கேட்டதில் பிடித்து வைத்திருந்தான். அந்த நாலு வரியின் வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தான்.

"மறந்துபோச்சு" என்றேன்.

அவன் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவன் மறுபடி மேடை ஏறினான், பெரியவர் பாராட்டியவனை யார் தடுப்பது? இப்போதும் என் தோளைத் தொடுகிறான், அதே இடத்தில் அறுக்கிறான். கடைக்கு வரும்போதெல்லாம், கமருன்னிஸா கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டே, "அந்த நாலு வரி ஞாபகம் வந்துச்சாண்ணே?" என்று கேட்கிறான். வரவில்லை என்கிறேன். "சொல்லித்தான் தொலைங்களேன்" என்று கமருன்னிஸாகூடச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

சொல்ல மாட்டேன். சொன்னால் அவன் பாடிவிடுவான்.